பன்னிரண்டு வோல்ட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை

பாகம் பாகமாக வாங்கிச் சொந்தமாக ஒரு கணினியைப் பொருத்தியிருக்கிறேன் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். முதல் கேள்வி, “கிராஃபிக்ஸ் கார்டு என்ன?” என்பதாக இருக்கும். அடுத்தது, “ரேம் எவ்வளவு?” கொஞ்சம் விவரம் தெரிந்தவராக இருந்தால், “ஓவர்கிளாக் செய்து எத்தனை கிகாஹெர்ட்ஸ் வரை ஏற்றினாய்?” என்பார். “பவர் சப்ளை என்ன?” என்று என்னிடம் கேட்டவர் இதுவரை ஒரே ஒருவர்தான். அவர் கேட்பதற்குள் நான் ஒரு குழுப்பணியைக் கெடுத்து, ஒரு தோழியின் மீது வீண்பழியும் போட்டு முடித்திருந்தேன்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். என் கருத்து சுருக்கமானது. கணினி வாங்கும் மாணவர்களாகிய நாம் கண்ணுக்குத் தெரியும் பாகங்களுக்குக் காசைக் கொட்டிவிட்டு, அத்தனைக்கும் மின்சாரம் தரும் பெட்டியை மிச்சக் காசில் வாங்குகிறோம். பிறகு கணினி தடுமாறும்போது அந்தப் பெட்டியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறோம்.

நான் செய்ததும் அதுதான். பல்கலைக்கழகத்தில் பொறியியல் இடம் கிடைத்தபோது அப்பா தம் ஓவர்டைம் பணத்தில் ஒரு தொகையைக் கையில் கொடுத்தார். அதற்குள் முடிக்க வேண்டும். பழைய செயலி ஒன்றை இரண்டாம் கையாக வாங்கினேன். பெருக்கி பூட்டப்படாதது என்பதால் ஓவர்கிளாக் செய்து வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம் என்பது கணக்கு. கிராஃபிக்ஸ் கார்டுக்குப் பெரும்பகுதி போனது. கடைசியில் மிஞ்சிய 80 ரிங்கிட்டுக்கு, பெயரே கேள்விப்படாத ஒரு பவர் சப்ளை கிடைத்தது. மேலே பெரிதாக 600 வாட் என்று அச்சிட்டிருந்தது. என் கணினிக்கு 350 வாட் போதும் என்று எங்கோ படித்திருந்தேன். 600 என்றால் தாராளம்தானே என்று நினைத்தேன்.

ஓவர்கிளாக் செய்வதைத் தவறு என்று நான் சொல்லமாட்டேன். கையில் காசில்லாத மாணவர்களுக்கு அதில் ஒரு தனி ஈர்ப்பு உண்டு. 1998-இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ செயலியைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். மதர்போர்டின் பஸ் வேகத்தை 66 மெகாஹெர்ட்ஸிலிருந்து 100-க்கு மாற்றினால், 300 மெகாஹெர்ட்ஸ் செயலி 450-இல் ஓடும். ஐம்பது விழுக்காடு வேகம் இலவசம். அவற்றில் சிலவற்றின் மீது ‘மலாய்’ என்ற சொல் பொறிக்கப்பட்டிருக்கும். இன்டெல் 1972-இலேயே பினாங்கில் தொழிற்சாலை தொடங்கிவிட்டது அல்லவா, நம் ஊரில் முடிக்கப்பட்ட செயலிகள் அவை! இன்றைய செயலிகள் தாமாகவே வேகத்தைக் கூட்டிக்கொள்கின்றன. அதற்கு மேல் நமக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். ஆனாலும் என் பழைய செயலியில் 3.6 கிகாஹெர்ட்ஸை 4.4 ஆக்கியபோது ஏற்பட்ட மகிழ்ச்சி உண்மையானது.

இரண்டாம் ஆண்டில் நால்வர் கொண்ட ஒரு குழுப்பணி. ஒரு வெப்பத் தகட்டில் சூடு எப்படிப் பரவுகிறது என்று கணினியில் கணக்கிட்டுக் காட்ட வேண்டும். குழுவில் வேகமான கணினி என்னுடையது. ஆகவே ஏழெட்டு மணி நேரம் ஓட வேண்டிய கணக்கீடு என் வீட்டில். மாதிரியைத் தயாரிப்பது கிளந்தானிலிருந்து வந்த தோழியின் பொறுப்பு. அவர் அனுப்பிய கோப்பைத் திறந்து இரவு ஓடவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் கணினி தானாக மறுதொடக்கமாகி, உள்நுழைவுத் திரையில் நின்றுகொண்டிருந்தது. மறுநாளும் அதேதான். மூன்றாம் நாள், கோப்பைச் சேமித்துக்கொண்டிருந்த நேரத்திலேயே நின்றுவிட்டது போலும். அதன் பிறகு கோப்பு திறக்கவே இல்லை.

“நீ அனுப்பிய கோப்பே பழுது. உன் மடிக்கணினியைச் சரிபார்” என்று தோழிக்குச் செய்தி அனுப்பினேன், குழுவில் எல்லாரும் படிக்கும்படி. அவர் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு இரவு உட்கார்ந்து மாதிரியை முதலிலிருந்து செய்து அனுப்பினார். அதுவும் என் கணினியில் நின்றது.

இதற்கிடையில் என் ‘வைத்தியம்’ வேறு. ஓவர்கிளாக் செய்த கணினி தடுமாறினால் செயலிக்குக் கொஞ்சம் மின்னழுத்தத்தைக் கூட்டு என்பதுதான் எல்லாரும் சொல்லும் முதல் அறிவுரை. 1.30 வோல்ட்டில் இருந்ததை 1.38 ஆக்கினேன். முன்பு மூன்று மணி நேரம் தாங்கியது, இப்போது அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

அப்பா தம் பங்குக்கு, “கரண்டு ஏறி இறங்குதும்மா, நம்ம தாமான்ல எப்பவும் அப்படித்தான்” என்றார். ஆனால் பகலில் ஓட்டினாலும் இரவில் ஓட்டினாலும், கணக்கீடு ஓடும்போது மட்டுமே நின்றது. கட்டுரை தட்டச்சு செய்தால் நாள் முழுக்க ஒன்றும் ஆகவில்லை. வீட்டு மின்சாரத்துக்கு நான் என்ன வேலை செய்கிறேன் என்பது தெரியாதே!

கடைசியில் கணினியைத் தூக்கிக்கொண்டு எங்கள் துறையின் மின்னியல் ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். அங்கே இருக்கும் உதவியாளரை நாங்கள் என்சிக் என்றுதான் அழைப்போம். ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். நான் செயலி, ரேம், கிகாஹெர்ட்ஸ் என்று ஒப்பித்து முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அது சரி, பவர் சப்ளை என்ன?” என்றார்.

அவர் முதலில் செய்தது பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த அட்டையை வாசித்தது. பெரிய எழுத்தில் 600 வாட். சின்ன எழுத்தில் 12 வோல்ட்டுக்கு நேரே 28 ஆம்பியர். பன்னிரண்டை இருபத்தெட்டால் பெருக்கினால் 336 வாட். மீதியெல்லாம் 5 வோல்ட், 3.3 வோல்ட் தடங்களின் கணக்கு. இன்றைய கணினியில் செயலியும் கிராஃபிக்ஸ் கார்டும், அதாவது உண்மையில் பசிக்கும் இரண்டுமே, 12 வோல்ட்டைத்தான் உண்கின்றன. 600 வாட் என்று நான் நம்பி வாங்கியது, எனக்குத் தேவையான இடத்தில் 336 வாட். அதுவும் அட்டை சொல்வது உண்மையாக இருந்தால்.

பிறகு மல்டிமீட்டரை எடுத்தார். பயன்படாமல் தொங்கிய நான்கு முனை இணைப்பியில், மஞ்சள் கம்பிக்கும் கறுப்புக் கம்பிக்கும் இடையே 12.02 வோல்ட். சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே 5.03. குறை சொல்ல ஒன்றுமில்லை. “இப்போது உன் வேலையை ஓட்டு” என்றார். ஓட்டினேன். மஞ்சள் 11.27-க்கு இறங்கியது. சிவப்பு 5.21-க்கு ஏறியது. கணினித் திரையில் நான் நம்பிக்கொண்டிருந்த மென்பொருளோ 11.90 என்று காட்டிக்கொண்டிருந்தது.

ஏடிஎக்ஸ் தர அளவின்படி 12 வோல்ட் தடம் ஐந்து விழுக்காடு கூடலாம், குறையலாம். அதாவது 11.40 முதல் 12.60 வரை. என்னுடையது எல்லைக்குக் கீழே. ஒன்று இறங்கும்போது மற்றொன்று ஏறியது ஏன் என்பதையும் அவரே விளக்கினார். மலிவான வடிவமைப்புகளில் 12 வோல்ட்டையும் 5 வோல்ட்டையும் ஒரே கட்டுப்பாட்டுச் சுற்று சேர்த்துச் சமன்செய்கிறது. ஒரு பக்கம் மட்டும் சுமை ஏறினால், அந்தப் பக்கம் தாழும், மறுபக்கம் உயரும். நல்ல பவர் சப்ளைகளில் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டுப்பாடு உண்டு.

அடுத்து, செயலிக்குப் போகும் இணைப்பியின் பின்புறத்தில் மிகக் கவனமாக ஊசியை வைத்தார். 11.07! இன்னும் 0.2 வோல்ட் எங்கே போனது?

இங்கேதான் எனக்கு வெட்கமாகிவிட்டது. ஐந்தாம் படிவ இயற்பியலில் நாம் எல்லாரும் செய்யும் சோதனை ஒன்று உண்டு. உலர் மின்கலம், மாற்றுத் தடை, ஒரு வோல்ட்மீட்டர், ஒரு அம்மீட்டர். மின்னோட்டம் கூடக்கூட மின்கலத்தின் முனைகளில் மின்னழுத்தம் குறையும். வரைபடம் ஒரு சாய்ந்த கோடாக வரும், அதன் சரிவுதான் அக மின்தடை. எஸ்பிஎம் தேர்வில் அந்தக் கோட்டை நான் அழகாகப் போட்டிருக்கிறேன். மலாயில் அதை ‘ரிந்தாங்ஙான் டாலாம்’ என்று மனப்பாடம் செய்தேன், பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் மறுபடி படித்தேன். இரண்டு மொழியில் படித்த ஒன்று என் மேசைக்கு அடியில் நடந்துகொண்டிருந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கணினிக்குள் வழக்கமாக வரும் 18 கேஜ் செம்புக் கம்பிக்கு மீட்டருக்குச் சுமார் 0.021 ஓம் தடை. என் கம்பி 60 சென்டிமீட்டர், ஆக 0.0126 ஓம். மதர்போர்டில் செயலிக்கு எட்டு முனைத் துளை இருந்தது. என் பவர் சப்ளையிலோ நான்கு முனை மட்டும். பாதித் துளையில் செருகினாலும் கணினி ஓடியது, நானும் விட்டுவிட்டேன். செயலிக்கு 15 ஆம்பியர் போகிறது என்றால், அது நான்கு கம்பிகளில் பிரிய வேண்டியது, இரண்டே கம்பிகளில் போகிறது. ஒரு கம்பிக்கு 7.5 ஆம்பியர். போகும்போது 0.095 வோல்ட், தரைக் கம்பி வழியே திரும்பும்போது இன்னொரு 0.095. கூட்டினால் 0.19 வோல்ட். காணாமல் போன 0.2 வோல்ட் இதுதான். அது எங்கும் போய்விடவில்லை, கம்பியிலும் முனையிலும் சூடாக மாறியது. இணைப்பியைக் கழற்றிப் பார்த்தால் வெள்ளைப் பிளாஸ்டிக் லேசாகப் பழுத்திருந்தது.

இப்போது என் ‘வைத்தியத்துக்கு’ வருகிறேன். செயலி நேரடியாக 12 வோல்ட்டை உண்பதில்லை. அதைச் சுற்றி மதர்போர்டில் இருக்கும் சுற்றுதான் 12-ஐ ஒன்றே சொச்சம் வோல்ட்டாக இறக்கித் தருகிறது. செயலி எடுக்கும் வாட், அதிர்வெண்ணுக்கு நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் கூடும். 3.6 கிகாஹெர்ட்ஸ், 1.20 வோல்ட்டில் 95 வாட் எடுத்த செயலி, 4.4 கிகாஹெர்ட்ஸ், 1.30 வோல்ட்டில் சுமார் 136 வாட் எடுக்கும். நான் 1.38 ஆக்கியதும் 154 வாட். அந்த மின்னழுத்தத்தில் இது நூறு ஆம்பியருக்கும் மேல்! வீட்டுப் பிளக்கில் இருக்கும் ஃபியூஸ் 13 ஆம்பியர்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த வாட் எல்லாம் 12 வோல்ட் தடத்திலிருந்துதான் வர வேண்டும். தடம் தாழ்ந்தால் மதர்போர்டு சுற்று சும்மா இருக்காது. அதே வாட்டை எடுக்க இன்னும் அதிக ஆம்பியரை உறிஞ்சும். ஆம்பியர் கூடினால் கம்பியில் இழப்பு கூடும், தடம் மேலும் தாழும். நோய்க்கு மருந்து என்று நான் கொடுத்தது நோயைத்தான் வளர்த்தது.

கடைசியாக என்சிக் ஆசிலோஸ்கோப்பை இணைத்தார். மல்டிமீட்டர் காட்டுவது சராசரியைத்தான், நொடியின் சிறு துளிகளில் நடப்பதை அது பார்க்காது. 12 வோல்ட் கோட்டின் மீது படியும் சிற்றலை 120 மில்லிவோல்ட்டைத் தாண்டக்கூடாது என்பது தர அளவு. என் கோடு அதைத் தாண்டி ரம்பப்பல் போலக் குதித்தது. கணக்கீடு தொடங்கும் நொடிகளில் கீழ்நோக்கிக் கூர்மையான பள்ளங்கள் வேறு. அப்படி ஒரு பள்ளத்தில் “மின்சாரம் சரியாக உள்ளது” என்று பவர் சப்ளை மதர்போர்டுக்குத் தரும் சமிக்ஞை அறுந்தால், மதர்போர்டு உடனே எல்லாவற்றையும் நிறுத்தித் தொடங்கும். எச்சரிக்கை கிடையாது, நீலத்திரை கிடையாது. தோழியின் கோப்பு அப்படி ஒரு பள்ளத்தில்தான் விழுந்திருக்கிறது.

அன்று மாலையே அதே குழுவில், எல்லாரும் படிக்கும்படி, மன்னிப்புக் கேட்டு எழுதினேன். 11.27 காட்டும் மல்டிமீட்டரின் படத்தையும் போட்டேன். தோழியின் பதில் சற்றுத் தாமதமாக வந்தது. “பரவாயில்லை. ஆனால் அந்த இரண்டு இரவும் நான் என் மடிக்கணினியைத்தான் சந்தேகப்பட்டேன். புதிது வாங்க வேண்டுமோ என்று அம்மாவிடம்கூடக் கேட்டுவிட்டேன்.” எனக்கு அதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

இப்படிப் பழியை இடம் மாற்றிப் போடுவது என்னைப் போன்ற மாணவர்கள் மட்டும் செய்வதன்று. 2024-இல் இன்டெல்லின் 13-ஆம், 14-ஆம் தலைமுறை மேசைக் கணினிச் செயலிகள் பலவற்றில் நிலையின்மை பெரிய பிரச்சினையாக வெடித்தது. விளையாட்டுகள் பாதியில் நின்றன. திரையில் வந்த செய்தியோ கிராஃபிக்ஸ் நினைவகம் போதவில்லை என்பது. அதனால் பலர் விளையாட்டையும் கிராஃபிக்ஸ் கார்டையும் திட்டினார்கள். செயலியே தேவைக்கு மீறிய மின்னழுத்தத்தைக் கேட்டு வாங்கித் தன்னைத்தானே தேய்த்துக்கொள்கிறது என்பது பின்னர்தான் வெளிவந்தது. இன்டெல் ஆகஸ்டில் மைக்ரோகோடு திருத்தம் வெளியிட்டது, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. அங்கே மின்னழுத்தம் கூடியது, என் வீட்டில் குறைந்தது. இரண்டிலும் திரையில் தெரிந்த குற்றவாளி வேறு, உண்மையான குற்றவாளி வேறு.

“பவர் சப்ளையில் 80 பிளஸ் முத்திரை இருந்தால் போதும்” என்று சிலர் சொல்வதையும் நான் ஏற்கவில்லை. அந்த முத்திரை அளப்பது மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாற்றப்படுகிறது என்பதை. சுமையில் மின்னழுத்தம் நிலையாக நிற்கிறதா, சிற்றலை எவ்வளவு, ஆபத்தில் தானாக அணையுமா என்பதெல்லாம் அதன் வேலை அல்ல. வாங்கும்போது அட்டையின் சின்ன எழுத்தைப் படியுங்கள், 12 வோல்ட்டின் ஆம்பியரைப் பெருக்கிப் பாருங்கள், உத்தரவாத ஆண்டுகளைக் கேளுங்கள். ஆசிலோஸ்கோப்பு வைத்துச் சோதித்து எழுதும் விமர்சனம் இருந்தால் தேடிப் படியுங்கள். விளக்கு எத்தனை வண்ணத்தில் எரிகிறது என்பதைக் கடைக்காரர் தாமாகவே சொல்லிவிடுவார்.

“பணமிருந்தால் நாங்களும் நல்லதை வாங்கமாட்டோமா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், நானும் 80 ரிங்கிட்டை எண்ணிக் கொடுத்தவள். ஆனால் என் கணக்கில் கிராஃபிக்ஸ் கார்டை ஒரு படி குறைத்திருந்தால் நல்ல பவர் சப்ளைக்குத் தேவையான பணம் அங்கேயே கிடைத்திருக்கும். விளையாட்டில் சில காட்சிகள் மங்கலாகத் தெரிந்திருக்கும், அவ்வளவுதான். பிறகு பகுதிநேர வேலை செய்து 290 ரிங்கிட்டுக்கு வேறொன்று வாங்கினேன். அதில் எட்டு முனை இணைப்பி உண்டு. அதே கணக்கீட்டில் 12 வோல்ட் தடம் 12.04-இலிருந்து 11.98-க்கு இறங்குகிறது. செயலியை 4.2 கிகாஹெர்ட்ஸ், 1.25 வோல்ட்டில் நிறுத்திவிட்டேன். குழுப்பணியை ஒரு நாள் தாமதமாகக் கொடுத்து அதற்குரிய மதிப்பெண்ணை இழந்தோம். நால்வரும்தான் இழந்தோம், தவறு ஒருத்தியுடையது.

எனக்கு இன்னொரு குறையும் உண்டு. நம் இடைநிலைப்பள்ளிகளின் இயற்பியல் ஆய்வுக்கூட அலமாரியில் மல்டிமீட்டர் இருக்கிறது. கணினி மன்றத்தின் மூலையில் யாருக்கும் வேண்டாத பழைய கணினிகள் இருக்கின்றன. இரண்டும் சந்திப்பதே இல்லை. உலர் மின்கலத்தில் போட்ட அதே சாய்ந்த கோட்டை ஒரு பழைய பவர் சப்ளையின் மஞ்சள் கம்பியிலும் போட்டுப் பார்த்தால், ஐந்தாம் படிவ மாணவர் அதை மறக்கவே மாட்டார். கட்டடம் வேண்டாம், நிதி வேண்டாம், ஒரு பிற்பகல் போதும்.

செமஸ்டர் விடுமுறையில் என் பழைய பள்ளிக்குப் போய் இதைச் செய்துகாட்டலாமா என்று இயற்பியல் ஆசிரியரிடம் கேட்டேன். அந்த 80 ரிங்கிட் பெட்டியையும் கொண்டுவரச் சொன்னார். ஒரே நிபந்தனை, மாணவர்கள் அதன் மூடியைத் திறக்கக்கூடாது. உள்ளே இருக்கும் பெரிய மின்தேக்கிகள் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கக்கூடும் என்பதை அவர் சொல்வதற்கு முன்பே நான் சொன்னேன். “பரவாயில்லையே, படித்திருக்கிறாய்” என்றார். படித்ததில்லை சார், என்சிக் கையில் ஓர் அடி வாங்கியதில் தெரிந்தது என்று நான் சொல்லவில்லை. முதல் நாள் மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு அந்த மூடியின் திருகைக் கழற்றப் போனவள் நான்தான்.